பத்து மெஷினில் ஆட்டோகேட்: எங்கே சிக்கும், எப்படி எடுப்பது

ஒரு மெஷினில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளைப் போடுவதற்கு வழிகாட்டி தேவையில்லை. பத்து மெஷினில் ஒரே மாதிரி போட்டு, திங்கட்கிழமை காலை பத்து டிராஃப்ட்ஸ்மேனும் உட்கார்ந்ததும் பிளான் திறந்து, பிரின்ட்டும் சரியாக வரவேண்டும் என்றால்தான் பாடு. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்து ஆபீஸ்களில் இந்தப் பாடு கொஞ்சம் கூடுதல். காலையில் குழித்துறை நகராட்சிக்கு ஒரு வீட்டு பிளான், மதியம் பாறசாலை பஞ்சாயத்துக்கு ஒன்று. ஒரு ஷீட்டில் தமிழ் எழுத்து, அடுத்ததில் மலையாளம். இன்ஸ்டால் பச்சை டிக் காட்டிவிட்டுப் போன பிறகுதான் இங்கே பாதித் தொல்லை தொடங்குகிறது.

புதிதாக இந்த வேலையை ஏற்பவர் முதலில் விட வேண்டிய பழக்கம், 'சரியா வரல, அன்இன்ஸ்டால் பண்ணித் திரும்பப் போடு' என்பது. கோளாறு பேக்கேஜிலா (இன்ஸ்டால் கோப்புகளின் தொகுப்பு), நெட்வொர்க்கிலா, லைசென்ஸிலா, அந்த யூசரின் செட்டிங்கிலா என்று பிரிக்காமல் திரும்பப் போட்டால், அரை நாள் கழித்து அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஆட்டோகேட் 2025க்கு 64 பிட் விண்டோஸ் 10 (1809 பதிப்பு முதல்) அல்லது விண்டோஸ் 11 வேண்டும். குறைந்தது 8 ஜிபி ராம் என்று எழுதியிருப்பார்கள். 16 இல்லாமல் பெரிய டிராயிங்கும் பிரவுசரும் ஒன்றாக ஓடாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், புதிதாகப் போடுகிறவர்கள் 11இல் போடுவதே நல்லது. சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக வையுங்கள். ஆட்டோகேட் அவ்வளவையும் எடுத்துக்கொள்ளாது. ஆனால் இன்ஸ்டாலர் கோப்புகளை முதலில் விரித்துவைக்கவும் இடம் கேட்கும்.

அடுத்து கேபிள். ஒவ்வொரு மெஷினிலும் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்து வேகம் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் காட்ட வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் காட்டினால், பெரும்பாலும் கிரிம்பிங்கில் ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போயிருக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 10 ஜிபி பேக்கேஜ் ஜிகாபிட்டில் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கும், 100இல் கால் மணி நேரம். பத்து மெஷின் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கரன்டையும் விட்டுவிடக் கூடாது. ஐப்பசி மாதத்து மதிய இடி மழையில் இன்ஸ்டால் ஓட்டாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் என்பது ஏறத்தாழ 360 வாட். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினையும் மானிட்டரையும் அதில் மாட்டினால் சில நிமிடம்தான் தாங்கும். பாதி இன்ஸ்டாலில் மெஷின் அணைந்தால், பாதி எழுதிய ரெஜிஸ்ட்ரி பதிவுகள் அடுத்த முயற்சியையும் கெடுக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு இரண்டு மெஷினாக முடிப்பது மேல்.

பேக்கேஜும் ஷேரும்

ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் கணக்கில் அட்மினாக நுழைந்து, கஸ்டம் இன்ஸ்டால் பகுதியில் டிப்ளாய்மென்ட் (பல மெஷினுக்கான பேக்கேஜ்) உருவாக்குங்கள். பதிப்பு, மொழி, அப்டேட், வேண்டிய துணைக்கருவிகள் எல்லாம் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பக்கத்தில் பேக்கேஜ் எங்கே இருக்கப்போகிறது என்று பாதை கேட்கும். சாதாரணமாகத் தெரியும் இந்த ஒரு கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இசட் டிரைவ் போன்ற மேப் செய்த டிரைவ் எழுத்தை அங்கே கொடுக்காதீர்கள். சாதாரண யூசராக மேப் செய்த டிரைவ், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து ஓட்டும்போது விண்டோஸுக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு லாகின் என்றே அது நினைக்கும். கண்ணெதிரே இசட் டிரைவ் திறந்து கிடக்க, இன்ஸ்டாலர் 'பாதை இல்லை' என்று சொல்லும். இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையையே கொடுங்கள். பாதை சின்னதாக இருக்கட்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் விண்டோஸின் 260 எழுத்து வரம்பில் இடிக்கும். ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் வேண்டாம்.

கொடுத்த பாதை, இன்ஸ்டாலை ஓட்ட உருவாகும் பேட்ச் (.bat) கோப்புக்குள் அப்படியே எழுதப்பட்டுவிடும். பிறகு சர்வரின் பெயரை மாற்றினாலோ ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினாலோ அந்தக் கோப்பு பழைய இடத்தையே தேடும். நோட்பேடில் திறந்து பாதையைத் திருத்தலாம், அல்லது பேக்கேஜை மறுபடி செய்யலாம். திருத்துகிறவர்கள் கலெக்‌ஷன் எக்ஸ்எம்எல் கோப்பைக் குறிக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஷேருக்கு (பேக்கேஜ் இருக்கும் நெட்வொர்க் ஃபோல்டருக்கு) வாசிப்பு அனுமதி மட்டும் போதும். டொமைன் (எல்லா மெஷினையும் ஒரு சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருந்து, அதன் குரூப் பாலிசி வழியாக மெஷின் தொடங்கும்போதே இன்ஸ்டால் ஓடும்படி வைத்தால், ஷேரைத் திறப்பது யூசர் கணக்கல்ல, கம்ப்யூட்டர் கணக்கு. அதற்கும் அனுமதி கொடுக்க வேண்டும். டொமைன் இல்லாத சின்ன ஆபீஸில் வேறொரு சிக்கல் வரும்: விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு கையொப்பமில்லாத எஸ்எம்பி (ஃபோல்டர் பகிரும் முறை) இணைப்பையும் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் இணைப்பையும் இயல்பாகவே ஏற்காது. பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) வைத்திருப்பவர்கள் புது மெஷினில் மட்டும் ஷேர் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டாம். நாஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பெயரும் கடவுச்சொல்லும் உள்ள ஒரு கணக்கு உண்டாக்குங்கள்.

ஒரு மெஷினில் ஓட்டிப் பார்ப்பது

பத்தில் மிகப் பழைய மெஷினைத் தேர்ந்தெடுங்கள். புதியதில் ஓடியது எல்லாவற்றிலும் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நிலுவையிலுள்ள விண்டோஸ் அப்டேட்டை முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸில் பேக்கேஜ் ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்கள். பிறகு பேட்ச் கோப்பை அட்மினாக ஓட்டுங்கள்.

சத்தமில்லா முறையில் போட்டால் திரையில் எதுவும் தெரியாது. இருபது முப்பது நிமிடம் மெஷின் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். பொறுமை போய் இன்னொரு முறை இருமுறை சொடுக்கினால் 1618 வரும். இன்னொரு இன்ஸ்டால் ஏற்கெனவே ஓடுகிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து இன்ஸ்டாலர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒரு சாயா குடித்து வாருங்கள்.

நின்றுபோனால் எண்ணைப் பாருங்கள். 3010 வந்தால் பயம் வேண்டாம்: இன்ஸ்டால் முடிந்தது, ரீஸ்டார்ட் கேட்கிறது. 1612 என்றால் மூலக் கோப்பு கிடைக்கவில்லை. ஷேர் அல்லது பாதையில் கோளாறு. 1625 என்றால் ஏதோ ஒரு பாலிசி தடுக்கிறது. 1603தான் எல்லாருக்கும் வருவது, எதையும் சொல்லாதது. 'ஏதோ பெரிய தவறு' என்பதற்கு மேல் அந்த எண்ணில் செய்தி கிடையாது. அதை இணையத்தில் தேடினால் நூறு மருந்து கிடைக்கும். உங்கள் நோய்க்கு எது என்று லாக்தான் சொல்லும்.

லாக் இருக்கும் இடம், யூசரின் லோக்கல் ஆப்டேட்டாவில் ஆட்டோடெஸ்க் ஃபோல்டருக்குள் ஓடிஸ் என்ற உட்ஃபோல்டர். அங்குள்ள இன்ஸ்டால் லாக்கில் எந்தத் துணைப்பகுதி விழுந்தது என்று தெரியும். அந்தப் பகுதியின் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) லாக்கை டெம்ப் ஃபோல்டரில் எடுத்து, 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் கிடைக்கும் இடத்தில் நின்று, அதற்கு மேலே இருபது முப்பது வரிகளை மேல்நோக்கிப் படியுங்கள். காரணம் அங்கே இருக்கும்; கீழே உள்ளதெல்லாம் அந்த விழுகையின் எதிரொலி. பெரும்பாலும் விஷுவல் சி பிளஸ்பிளஸ் துணைத்தொகுப்பு பழுதானது, டாட்நெட் ஏறாதது, ஒரு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாதது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ஆட்டோகேட் 2025 டாட்நெட் 8க்கு மாறிவிட்டது. 2024 வரைக்கும் எழுதிய பழைய துணைக்கருவி ஏதாவது பேக்கேஜில் சேர்த்திருந்தால், அது திறக்காததற்கும் இதுவே காரணம்.

இன்ஸ்டாலரே தொடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தால், பழுதானது ஆட்டோடெஸ்க்கின் இன்ஸ்டால் சர்வீஸ். புரோகிராம் ஃபைல்ஸில் ஆட்டோடெஸ்க், அதனுள் அட்ஓடிஸ், அதனுள் வி1 ஃபோல்டரில் ரிமூவ்ஓடிஸ் என்ற சிறு நிரல் இருக்கிறது. அதை அட்மினாக ஓட்டி நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் சர்வீஸ் புதிதாக ஏறும். பழைய ஆட்டோகேட் பதிப்பும் அதே மெஷினில் வேலையில் இருந்தால், பொதுவான லைசென்ஸிங் ஃபோல்டரைக் கையால் அழித்துவிடாதீர்கள். பழையதும் சேர்ந்து போய்விடும்.

லைசென்ஸ்

இப்போது லைசென்ஸ் மெஷினுக்கு அல்ல, ஆளுக்கு. ஒருவர் தன் மின்னஞ்சலில் மூன்று கம்ப்யூட்டர் வரை இன்ஸ்டால் செய்துகொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்டலாம். ஓனரின் ஒரே மின்னஞ்சலை மூன்று டிராஃப்ட்ஸ்மேனுக்குக் கொடுத்தால் ஒருவர் திறக்க இன்னொருவர் வெளியே தள்ளப்படுவார். "அண்ணே, என்னை வெளிய தள்ளிட்டு" என்ற குரல் வந்தால் இன்ஸ்டாலைத் தோண்டாமல் முதலில் இதைக் கேளுங்கள். ஆட்டோடெஸ்க் கணக்கில் யூசர் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், ஒவ்வொரு ஆளுக்கும் அந்தத் தயாரிப்பு ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆளைச் சேர்த்துவிட்டுத் தயாரிப்பை ஒதுக்க மறப்பது வழக்கமான தவறு.

ஒதுக்கியும் சைன்இன் ஆகவில்லையா? டாஸ்க்பார் மூலையில் தேதியைப் பாருங்கள். கரன்ட் போய்ப் போய் வரும் இடங்களில் பழைய மெஷினின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. சைன்இன் ஜன்னல் வெள்ளையாக நிற்கும். சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மாற்றி, நேரத்தை இன்டர்நெட்டோடு சேர்த்தால் தீர்ந்தது.

அடுத்தது, சர்வீசஸ் பட்டியலில் ஆட்டோடெஸ்க் டெஸ்க்டாப் லைசென்ஸிங் சர்வீஸ் ஓடுகிறதா, ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்பது. லைசென்ஸ் செக்அவுட் நேரம் தாண்டிவிட்டது என்ற செய்தி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். முந்தைய யூசரின் சைன்இன் ஒட்டிக்கொண்டிருந்தால், லோக்கல் ஆப்டேட்டாவின் ஆட்டோடெஸ்க் ஃபோல்டருக்குள் வெப் சர்வீசஸில் உள்ள லாகின்ஸ்டேட் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் புதிதாகக் கேட்கும். அழிக்க வேண்டாம், பெயர் மாற்றம் போதும். ஃபயர்வால் பெட்டி வைத்து ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆபீஸ்களில், ஆட்டோடெஸ்க் முகவரிகளுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு தர வேண்டும்.

சைட்டுக்கு லேப்டாப் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 30 நாளுக்கு ஒரு முறையாவது நெட்டில் சேர்க்காவிட்டால் திறக்காது.

எழுத்து: உண்மையான தலைவலி

இன்ஸ்டால் முடிந்தது, லைசென்ஸ் சரி, டிராயிங் திறந்தாயிற்று. அறைப்பெயர் எழுதிய இடத்தில் கேள்விக்குறி வரிசை. பக்கத்து மெஷினில் அதே கோப்பில் 'சமையலறை' என்று அழகாகத் தெரிகிறது.

காரணம் விண்டோஸில். தமிழுக்கான லதாவும் மலையாளத்துக்கான கார்த்திகாவும் விண்டோஸ் 7 காலத்தில் தாமாகவே இருந்தவை. விண்டோஸ் 10 முதல் இவை விருப்பத் துணைக்கூறுகள். யாராவது அந்த மெஷினில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்திருந்தால் லதா வந்திருக்கும். சேர்க்காத மெஷினில் இராது. அதனால்தான் ஒரே படம் ஒரே ஆபீஸில் இரண்டு விதமாகத் தெரிகிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸையும் மலையாளத்துக்கானதையும் எல்லா மெஷினிலும் சேர்த்துவிடுங்கள். தெலுங்கு வரி வரும் சித்தூர்ப் பக்கத்து ஆபீஸ் என்றால் கௌதமிக்காகத் தெலுங்கையும். புது டிராயிங்குகளுக்கு நிர்மலா யுஐயை ஆபீஸ் எழுத்துருவாக வைத்தால் இந்த வம்பே இல்லை: விண்டோஸ் 8 முதல் எல்லாவற்றிலும் உண்டு, மூன்று மொழியும் அதிலேயே இருக்கிறது.

கேள்விக்குறியோ கட்டமோ வராமல், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது வேறு நோய். அது பாமினி போன்ற பழைய முறையில் தட்டிய எழுத்து. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கிலக் குறியீடுகளே. அந்த எழுத்துரு இருந்தால்தான் கண்ணுக்குத் தமிழாகும். இதற்கு லதா போட்டுப் பயனில்லை. அதே பழைய எழுத்துருவைப் போட வேண்டும், அல்லது எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி டெக்ஸ்ட் ஸ்டைலையும் மாற்ற வேண்டும். பழைய வேலைகளுக்கு முதல் வழி, புதியவற்றுக்கு இரண்டாவது. பழைய ஐந்நூறு பிளானையும் மாற்றுகிறேன் என்று இறங்குவது வீண் உழைப்பு.

எழுத்துருவைப் போடும்போது வலது சொடுக்கி வெறும் 'இன்ஸ்டால்' கொடுக்காதீர்கள். இப்போதைய விண்டோஸில் அது அந்த ஒரு யூசருக்கு மட்டும், அவருடைய ஆப்டேட்டாவுக்குள் போய் உட்காரும். ஆட்டோகேட்டுக்குப் பல நேரம் தெரியாது. 'எல்லா யூசருக்கும் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆட்டோகேட்டுக்கே உரிய எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருவின் கதை தனி. சிம்ப்ளெக்ஸ், ரோமன்ஸ் போன்றவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்துரு கிடைக்காதபோது ஆட்டோகேட் ஃபான்ட்ஆல்ட் மாறியில் உள்ள மாற்றை எடுக்கும். இயல்பாக அது சிம்ப்ளெக்ஸ். தமிழ் வரி கேள்விக்குறியாவது பல நேரம் இப்படித்தான். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் அனுப்பும் படத்தைத் திறக்கும்போது 'எஸ்ஹெச்எக்ஸ் இல்லை' என்ற பெட்டி வந்தால் பழக்கதோஷத்தில் இக்னோர் அழுத்தாமல், எந்தப் பெயர் என்று எழுதிவைத்து அவரிடமே கேளுங்கள். அவர் இடிரான்ஸ்மிட் கட்டளையில் அனுப்பினாலும், எழுத்துருவைச் சேர் என்ற டிக்கைப் போட்டால்தான் எழுத்துரு கூட வரும். வாங்கியதை ஒவ்வொரு மெஷினிலும் ஆட்டோகேட்டின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள்.

டெம்ப்ளேட், அளவு, பேனா

எல்லை இரு பக்கமும் விதிகள் மீட்டரில்தான்: தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளும் இரண்டுமே 2019இல் வந்தவை, இரண்டும் மெட்ரிக். ஆனால் வீட்டுக்காரர் சதுர அடியில் பேசுவார், கொத்தனார் அடி அங்குலத்தில். இந்தக் குழப்பம் டெம்ப்ளேட்டுக்குள் போனால் நாசம். ஏகேட் டெம்ப்ளேட் அங்குலத்துக்கானது, ஏகேட்ஐஎஸ்ஓதான் மில்லிமீட்டருக்கு. 900 மில்லிமீட்டர் கதவு பிளாக்கை அங்குல டெம்ப்ளேட்டில் தொடங்கிய படத்தில் செருகினால், படத்தின் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் என்ற செட்டிங் அதை 25.4ஆல் வகுத்து 35.43 ஆக்கிவிடும்; படத்தை மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் கதவு எறும்பளவில் கிடக்கும். படத்தை மீட்டரில் வரைந்து, இன்ஸ்யூனிட்ஸை மில்லிமீட்டர் என்று விட்டிருந்தால் எதிர்ப்பக்கம் போகும்: கதவு 900 மீட்டர், களியக்காவிளையில் தொடங்கிப் பாறசாலையைப் பார்க்கக் கிளம்பிவிடும். ஆபீஸுக்கென்று ஒரே டெம்ப்ளேட் செய்து, ஆப்ஷன்ஸில், புதுப் படம் தொடங்கும் கியூநியூ கட்டளைக்கான இயல்புக் கோப்பாக அதைக் கொடுங்கள்.

கோடுகளின் தடிமன் தரும் சிடிபி கோப்பு யூசரின் ஆப்டேட்டாவுக்குள் பிளாட் ஸ்டைல்ஸ் ஃபோல்டரில் இருக்கும். இன்ஸ்டால் செய்த அட்மின் கணக்கில் போட்டால் டிராஃப்ட்ஸ்மேன் கணக்கில் தெரியாது. பிரின்ட்டில் கோடுகளின் தடிமன் சரியாக வராது. அதனால் சோதனையை எப்போதும் டிராஃப்ட்ஸ்மேனின் லாகினிலேயே செய்யுங்கள். எல்லா மெஷினையும் சர்வரில் உள்ள ஒரே சிடிபியைப் பார்க்கும்படி வைப்பது அழகான யோசனைதான், சர்வர் தூங்கும் நாள் வரைக்கும். அன்று ஆட்டோகேட் திறக்கவே நிமிடக்கணக்கில் திணறும். மூலத்தைச் சர்வரில் வைத்து, லாகினின்போது விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையால் ஒவ்வொரு மெஷினுக்கும் நகல் எடுக்கும் வழி பிழைக்கும்.

லிஸ்ப் கோப்புகள் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சிறு நிரல்கள்) சர்வரில் இருந்தால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை கேட்கும். எரிச்சலில், இந்த எச்சரிக்கையைத் தரும் செக்யூர்லோட் செட்டிங்கை 0 ஆக்காதீர்கள்; அந்த ஃபோல்டரை மட்டும் டிரஸ்டட் பாத்ஸில் சேருங்கள். டிராயிங் ஃபோல்டர்களில் யாரும் வைக்காத 'ஏகேட்டாக்' என்ற லிஸ்ப் கோப்பு கண்டால் அது வைரஸாக இருக்கலாம். பென்டிரைவில் பிளான் கைமாறும் ஆபீஸ்களில் இது பழைய விருந்தாளி.

கோப்பு வடிவம் பற்றிக் கவலை குறைவு. 2018 பதிப்பில் வந்த டிடபிள்யுஜி வடிவமே 2025 வரை தொடர்கிறது. 2016 வைத்திருக்கும் கன்சல்டன்டுக்கு மட்டும் 2013 வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள்.

திரை இழுத்தால்

மவுஸ் பின்தங்கினால் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் கட்டளையில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள். அணைத்தால் சரியாகிறது என்றால் டிரைவரைக் கார்டு தயாரிப்பாளரிடமிருந்து புதுப்பித்துத் திரும்ப ஏற்றுங்கள், அணைத்தபடியே விடாதீர்கள். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸின் கிராஃபிக்ஸ் பக்கத்தில் ஆட்டோகேட்டுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள்.

ஒரே ஒரு யூசருக்கு மட்டும் மெனு காணவில்லை, கட்டளை விசித்திரமாக நடக்கிறது என்றால் ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட்டுக்குக் கீழே உள்ள ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட் போதும். அது கேட்கும்போது பழைய செட்டிங்கின் நகலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் மெஷினில் ஒரு தமிழ் ஷீட், ஒரு மலையாள ஷீட், இரண்டையும் ஏ3இல் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். மற்ற ஒன்பதிலும் அதே இரண்டு ஷீட், அந்தந்த டிராஃப்ட்ஸ்மேன் லாகினில் எடுத்து, சுவரில் உள்ளதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பழைய பதிப்பில் கை வையுங்கள்.